பூமிக்கு அப்பால் போன சிவிலைசேஷன்: ரசிகர் தீர்ப்பை எடைபோடுதல்

1991-இல் சிட் மெய்யரும் புரூஸ் ஷெல்லியும் உருவாக்கிய ‘சிவிலைசேஷன்’ கணினி விளையாட்டில் வெற்றிக்கு இரண்டே வழிகள். எதிரி நாகரிகங்கள் அத்தனையையும் துடைத்தெறிய வேண்டும். இல்லையென்றால் ஆல்ஃபா சென்டாரி விண்மீனுக்கு மனிதர்களை ஏற்றிச் செல்லும் விண்கலத்தைக் கட்டி அனுப்ப வேண்டும். கி.மு. 4000-இல் ஊர் அமைக்க இடம் தேடும் சிறு கூட்டத்தோடு தொடங்கும் ஆட்டம், அந்தக் கலம் போய்ச் சேர்ந்ததும் முடிந்துவிடும். போனவர்கள் அங்கே எப்படி வாழ்ந்தார்கள் என்ற கேள்வி மட்டும் ஆடியவர்கள் மனதில் தங்கிவிட்டது.

அதற்கு இரண்டு முறை விடை வந்தது. மெய்யர், பிரையன் ரெனால்ட்ஸ், ஜெஃப் பிரிக்ஸ் மூவரும் 1996-இல் தொடங்கிய ஃபிராக்ஸிஸ் நிறுவனம் 1999 பிப்ரவரியில் ‘ஆல்ஃபா சென்டாரி’யை வெளியிட்டது. அதே நிறுவனம் 2014 அக்டோபர் 24 அன்று ‘சிவிலைசேஷன்: பியாண்ட் எர்த்’தைக் கொண்டுவந்தது. முதலாவதை ரசிகர்கள் இன்றும் போற்றுகிறார்கள். இரண்டாவதை வெளிவந்த வாரத்திலேயே உதறத் தொடங்கினார்கள். விமர்சகர்கள் அதற்குத் தந்த சராசரி மதிப்பெண் நூற்றுக்கு எண்பதை ஒட்டியிருந்தது. காசு கொடுத்து வாங்கி ஆடியவர்களின் மதிப்பீடோ விற்பனைத் தளத்தில் ‘கலவையானது’ என்ற பட்டையைத் தாண்டி ஏறவே இல்லை. இவ்வளவு பெரிய இடைவெளி இந்தத் தொடரில் அதற்கு முன் அரிது. ரசிகர்களின் அந்தத் தீர்ப்பு நியாயமானதா? அவர்கள் சொன்ன காரணங்கள் நிற்குமா? இவ்விரண்டும் வெவ்வேறு கேள்விகள். பத்தாண்டுக்கும் மேலாக இவற்றை ஒன்றாகக் குழப்பியே பேசி வந்திருக்கிறோம்.

எதிர்பார்ப்பின் அளவை முதலில் நினைவுகொள்ள வேண்டும். 2014 ஏப்ரலில், பாஸ்டன் நகரில் நடந்த பாக்ஸ் ஈஸ்ட் விழாவில் இந்த விளையாட்டு அறிவிக்கப்பட்டபோது கிளம்பிய மகிழ்ச்சி, ஒரு புதுத் தயாரிப்புக்கான மகிழ்ச்சி மட்டும் இல்லை. பதினைந்து ஆண்டுக் காத்திருப்பு அதில் இருந்தது. ‘ஆல்ஃபா சென்டாரி’ என்ற பெயரின் உரிமை அதை வெளியிட்ட எலக்ட்ரானிக் ஆர்ட்ஸிடம் இருந்ததால், ஃபிராக்ஸிஸ் நினைத்தாலும் நேரடித் தொடர்ச்சியை எடுத்திருக்க முடியாது. ரசிகர்களுக்கு இது தெரியும். தெரிந்தும், பெயர் மாறினாலும் ஆள் அவர்தான் என்று நம்பினார்கள். வில் மில்லரும் டேவிட் மெக்டொனோவும் தலைமை வடிவமைப்பாளர்களாக இருந்து செய்த புதிய விளையாட்டு, கையில் வருவதற்கு முன்பே வேறொரு விளையாட்டின் கடனைச் சுமந்துகொண்டிருந்தது.

வந்த பிறகு மூன்று புகார்கள் எழுந்தன: இது பழைய விளையாட்டு, இது ‘ஆல்ஃபா சென்டாரி’ அல்ல, இதில் உயிர் இல்லை. முதல் குற்றச்சாட்டு, அதிகம் பரவிய குற்றச்சாட்டு: இது 2010-இன் ‘சிவிலைசேஷன் 5’தான்; பழைய வீட்டுக்குப் புது வெள்ளையடித்து ஐம்பது டாலருக்கு விற்கிறார்கள். இந்தப் புகாரை நான் ஏற்கவில்லை. அடித்தளம் ஒன்று என்பது உண்மைதான். அதே எஞ்சின், அதே அறுகோணக் கட்டங்கள், ஒரு கட்டத்துக்கு ஒரு படை என்ற அதே விதி. அதற்குமேல் மாறியவற்றை எண்ணிப் பார்த்தால் புகார் ஆட்டம் காண்கிறது. ஒரு திசையில் முன்னேறும் தொழில்நுட்ப மரத்தை எடுத்துவிட்டு, நடுவிலிருந்து எல்லாத் திசைகளிலும் விரியும் வலையை வைத்தார்கள். நிலத்துக்கு மேலே செயற்கைக்கோள்களுக்கென்று ஓர் அடுக்கு வந்தது. காட்டுமிராண்டிக் கூட்டங்களின் இடத்துக்கு வந்த வேற்றுக்கோள் உயிர்கள், சீண்டாதவரை பெரும்பாலும் சும்மா இருந்தன. கூட்டைத் தொட்டால் சீறின. அவற்றைக் கொன்று ஒழிப்பதா, ஒதுங்கி வாழ்வதா என்பதே ஆட்டத்தின் முதல் ஐம்பது முறைகளைத் தீர்மானித்தது. எந்த நாட்டின் ஆதரவில் போகிறோம், யாரைக் கூட்டிப் போகிறோம், எந்தக் கலம், என்ன சரக்கு என்று புறப்படும் முன்பே தேர்வுகள் இருந்தன. வெள்ளையடிப்பவர்கள் இவ்வளவு சுவரை இடிப்பதில்லை.

அப்படியிருந்தும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அது பழைய விளையாட்டாகவே ஏன் தோன்றியது? அந்த உணர்வைப் பொய்யென்று தள்ள முடியாது. ஒவ்வொரு முறையும் கை செய்த வேலையில் ஒரு காரணம் இருக்கிறது. நகரம் அமை, தொழிலாளியை அனுப்பு, கட்டடத்தை வரிசையில் போடு என்ற சுழற்சி மாறவில்லை. போதாக்குறைக்கு வணிகப் பாதைகள். ‘சிவிலைசேஷன் 5’இல் மொத்தப் பேரரசுக்கும் சேர்த்து ஒரு வரம்பு இருந்தது. பியாண்ட் எர்த்தில் ஒவ்வொரு நகரமும் தனக்கென்று பல பாதைகளை வைத்துக்கொண்டது. பத்து நகரம் வைத்திருப்பவர், காலாவதியாகும் ஒவ்வொரு பாதையையும் கையால் புதுப்பித்தே சலித்துப்போனார். இந்தப் புகார் முழுக்க நியாயமானது. ஆனால் இது திருத்தத்தில் சரியாகக்கூடிய குறை. ஒரு விளையாட்டை வெறுக்க இது போதாது.

மேல்பூச்சுதான் குற்றம் என்றால் ஒரு பழைய சாட்சியைக் கூப்பிடலாம். 2001-இல் லூக்காஸ் ஆர்ட்ஸ் வெளியிட்ட ‘ஸ்டார் வார்ஸ்: கேலக்டிக் பேட்டில்கிரவுண்ட்ஸ்’, ‘ஏஜ் ஆஃப் எம்பையர்ஸ் 2’இன் எஞ்சினின் மேல் கட்டியது. வரலாற்று விளையாட்டின் உடம்புக்கு விண்வெளி உடுப்பு. அப்படித்தான் அதைச் சொன்னார்கள், அது உண்மையும்கூட. ஆனாலும் அதை விரும்பி ஆடியவர்கள் இருந்தார்கள், இன்றும் ‘மாட்’ எனப்படும் ரசிகர் மாற்றங்களைச் செய்து உயிரோடு வைத்திருக்கிறார்கள். காரணம், அந்த உடுப்பைப் பார்த்ததும் அவர்களுக்குப் படங்கள் நினைவுக்கு வந்தன. ஒவ்வொரு படைவீரனும் ஏற்கெனவே தெரிந்தவன். பியாண்ட் எர்த்தின் குறை எங்கே என்பதை இந்தச் சாட்சி காட்டிக்கொடுக்கிறது.

வரலாற்று விளையாட்டில் பாதி வேலையை ஆடுபவர் செய்கிறார். திரையில் காந்தி வந்து நின்றால் போதும். அவர் யாரென்று வடிவமைப்பாளர் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. அந்தக் காந்தி அணுகுண்டு வீசுவார் என்ற புகழ்பெற்ற வேடிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் விளையாட்டில் இருந்த நிரல் பிழையால் வந்தது என்று பல ஆண்டுகள் பரவிய அந்தக் கதை உண்மையில்லை என்று மெய்யரே 2020-இல் வந்த தன் நினைவு நூலில் மறுத்துவிட்டார். பிழையே இல்லாதபோதும் அந்தக் கதை உலகம் சுற்றியது, ஏனென்றால் காந்தியையும் அணுகுண்டையும் நாம் வெளியிலிருந்து கொண்டுபோகிறோம். இரண்டும் உரசுகிற இடத்தில் கதை தானாகப் பிறக்கிறது. பிரமிடுகளைக் கட்டி முடிக்கும்போது வரும் பெருமிதமும், எதிரிக்கு முன்னால் வெடிமருந்தைக் கண்டுபிடித்துவிட்ட பதைப்பும் அப்படிப் பிறப்பவைதான். இரும்புக்குப் பின் எஃகு, எஃகுக்குப் பின் ரயில் என்ற வரிசை பள்ளிக்கூடத்திலேயே நமக்குள் போயிருக்கிறது. அதனால் மரத்தில் அடுத்து எங்கே போகலாம் என்று முடிவெடுக்க எந்த விளக்கக் குறிப்பையும் படிக்க வேண்டியதில்லை.

எதிர்காலத்துக்குப் போகும்போது இந்த இலவசச் சொத்து முழுவதும் கைவிட்டுப் போகிறது. பியாண்ட் எர்த்தின் தொழில்நுட்ப வலையைப் பாருங்கள். வடிவமைப்பாக அது துணிச்சலானது. இந்தத் தொடர் அதுவரை செய்யாதது. மனித முன்னேற்றம் ஒரே பாதையில்தான் போகும் என்ற தொடரின் பழைய நம்பிக்கையையே அது கேள்வி கேட்டது. ஆனால் ‘காக்னிஷன்’, ‘பயோனிக்ஸ்’, ‘ஃபேப்ரிகேஷன்’ என்ற பெயர்கள் மனதில் எந்தப் படத்தையும் எழுப்புவதில்லை. எது எதற்கு முந்தியது, எது பெரியது, எதைக் கண்டு எதிரி அஞ்ச வேண்டும் என்று தெரியாத ஆட்டக்காரர் ஒவ்வொரு முனையின் மேலும் சுட்டியை நிறுத்தி, கூட்டல் கழித்தல் எண்களைப் படித்து முடிவெடுக்கிறார். கொஞ்ச நேரத்தில் நாகரிகம் கணக்குப் புத்தகமாகிவிடுகிறது. அதிசயங்களும் அப்படியே. ‘ஜீன் வால்ட்’, ‘ஸ்டெல்லர் கோடெக்ஸ்’, ‘பனாப்டிகான்’ எல்லாம் வரைபடம் போன்ற ஒரு சித்திரத்தோடு வந்து மறைந்தன. கட்டியவருக்கு எண்கள் கிடைத்தன. கட்டியதன் பெருமை கிடைக்கவில்லை.

ரசிகர்கள் ‘உயிர் இல்லை’ என்று சொன்னது இதைத்தான். மூன்று புகார்களில் மிக மங்கலாகச் சொல்லப்பட்டதும், மிகச் சரியானதும் இதுவே. அந்த இல்லாமைக்குப் பெயர் தெரியாதவர்கள், கைக்குத் தெரிந்த ‘சிவிலைசேஷன் 5’ மேல் பழி போட்டார்கள்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதையும் கேட்க வேண்டும். வெறுமை வேண்டுமென்றே விடப்பட்டது என்பார்கள் இந்த விளையாட்டின் ஆதரவாளர்கள். பூமியை வாழ முடியாததாக்கிய பேரழிவைக் கதை ‘பெரும் பிழை’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறது; என்ன நடந்தது என்பதை ஆடுபவரே கற்பனை செய்துகொள்ளட்டும், எதிர்காலம் யாருக்கும் தெரியாததுதானே என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கற்பனைக்கு இடம் விடுவதென்றால் அதற்குப் பிடிமானம் ஒன்றையும் கொடுத்தாக வேண்டும். சொற்கள் மௌனமானால் விதிகள் பேச வேண்டும். இந்த விளையாட்டில் விதிகள் பேசவே வாயெடுத்தன, பாதியில் நின்றுவிட்டன.

‘ஈடுபாடுகள்’ என்று நான் சொல்லத் துணியும் மூன்று கொள்கைகள் இதன் மையம். புதிய கோளோடு உடலையே கலந்துவிடும் இசைவு, பூமியின் மனிதனை மாறாமல் காக்கும் தூய்மை, இயந்திரத்தோடு ஒன்றிவிடும் மேலாண்மை. மூன்றுமே எடைகூடிய கேள்விகள். தூய்மைக்காரர் இறுதியில் ஒரு வாயிலைக் கட்டி, பூமியில் தவிப்பவர்களைப் புதிய உலகுக்கு அழைத்துவந்து குடியமர்த்துகிறார். மேலாண்மைக்காரர் கிட்டத்தட்ட அதே போன்ற வாயிலைக் கட்டி, பூமியில் இருப்பவர்களை ‘விடுவிக்க’ப் படைகளை அனுப்புகிறார். ஒரே கதவு, இரண்டு திசை, இரண்டு அறம். இந்தத் தொடரின் முப்பது ஆண்டுகளில் வந்த வெற்றி நிபந்தனைகளில் இதைவிட ஆழமான சோடி எனக்கு நினைவில்லை.

ஆனால் அங்கே போய்ச் சேரும் வழி என்ன? சில தொழில்நுட்பங்களை ஆராய்ந்தால் புள்ளி சேர்கிறது; புள்ளி சேர்ந்தால் படம் மாறுகிறது. யாரையும் துன்புறுத்தாமல், யாருக்கும் இரங்காமல், எதையும் இழக்காமல் ஒருவர் மேலாண்மைக்காரராகிவிடலாம். நம்பிக்கை என்பது ஆராய்ச்சியின் உபரி வருமானமாக வந்து விழுகிறது. இதற்கு நேர் எதிராக நின்றது 1999-இன் விளையாட்டு. அங்கே ஆட்சிமுறை, பொருளாதாரம், விழுமியம், எதிர்காலச் சமூகம் என்று நான்கு வரிசைகளில் ஆட்டக்காரர் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஒவ்வொரு தேர்வும் ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பிடுங்கியது. பக்கத்து நாட்டுத் தலைவர் அந்தத் தேர்வுக்காகவே பகைத்தார் அல்லது பாராட்டினார். சூழலியலாளர் தெய்ர்த்ரே ஸ்கை சுதந்திரச் சந்தையைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. முதலாளி மார்கனுக்குத் திட்டமிட்ட பொருளாதாரம் அடைபட்ட கதவு. அமைதிப் படையின் பிரவீன் லாலுக்குக் காவல் அரசு கிடையாது. குணம் வசனத்தில் மட்டும் இல்லை, விதியிலேயே எழுதப்பட்டிருந்தது.

பிரவீன் லாலின் பெயர் வந்ததால் ஓர் ஒப்பீடு. இரண்டு விளையாட்டுகளிலும் இந்தியாவிலிருந்து ஒரு தலைவர் உண்டு. லால், ‘யூனிட்டி’ என்ற ஐ.நா. கலத்தின் தலைமை அறுவை மருத்துவர். கலம் சிதைந்து ஏழு அணிகளாகப் பிரிந்த பிறகும் ஐ.நா. சாசனத்தை விடாமல் பிடித்திருப்பவர். தகவல் சுதந்திரம் பற்றிய அவர் நிலைப்பாட்டை அந்த விளையாட்டை ஆடியவர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். பியாண்ட் எர்த்தின் கவிதா தாக்கூர் ஒரு சமய இயக்கத்தின் வழியில் எழுந்த நாட்டின் தலைவி. கருவாக அது லாலைவிடச் சுவையானது. ஆனால் வெளிவந்தபோது அவர் ஆட்டக்காரருக்குத் தந்த தனித்தன்மை, நகரத்தின் எல்லை வேகமாக விரியும் என்பதுதான். எதை நம்புகிறார், எதற்காகக் கோபப்படுவார், எங்கே வளைந்து கொடுக்க மாட்டார் என்று நூறு மணி நேரம் ஆடியவருக்கும் தெரியாது. எட்டுத் தலைவர்களில் ஒருவரைக்கூட நினைவில்லை என்று ரசிகர்கள் சொன்னதைச் சோம்பலான புகார் என்று நான் கருதவில்லை. நினைவில் வைக்க அங்கே எதுவும் வைக்கப்படவில்லை.

இதையெல்லாம் சொல்வதால் ‘ஆல்ஃபா சென்டாரி அல்ல’ என்ற இரண்டாவது புகாருக்கு நான் முழுக் கையெழுத்து போடுகிறேன் என்று பொருளில்லை. அமெரிக்காவின் ‘பிசி கேமர்’ இதழ் 98 விழுக்காடு கொடுத்துத் தன் உச்ச மதிப்பெண்ணை அதற்கு வழங்கியது உண்மை. அதன் எழுத்து, ஒவ்வொரு கண்டுபிடிப்பிலும் ஒவ்வொரு கட்டடத்திலும் யாரோ ஒரு தலைவரின் குரலாகக் காதில் விழுந்த அந்தச் சிந்தனை, இன்றும் ஈடில்லாதது. ஆனால் நினைவு அதன் முட்களை நீக்கிவிட்டிருக்கிறது. படைகளை உறுப்பு உறுப்பாகப் பொருத்தி வடிவமைக்கும் பட்டறை, பாதி ஆட்டத்துக்குப் பிறகு பெரும் தொல்லை. சரக்கு வண்டிகளைக் குவித்தால் சமநிலை முழுவதும் கவிழும். கணினி எதிரிகளுக்கு அந்த விளையாட்டின் சொந்தக் கருவிகளையே ஒழுங்காகப் பயன்படுத்தத் தெரியாது. 2014-இல் அதே விளையாட்டு வந்திருந்தால் இதே ரசிகர்கள் இதற்கெல்லாம் அதைக் கிழித்திருப்பார்கள். ஒரு புதிய விளையாட்டின் முதல் வாரத்தை, இன்னொரு விளையாட்டின் பதினைந்தாண்டுப் பாசத்தோடு நிறுத்துப் பார்த்தது அநீதி.

இன்னொரு அநீதியும் நடந்தது. அது எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. 2010-இல் ‘சிவிலைசேஷன் 5’ வந்தபோது அதுவும் அடி வாங்கியது. நான்காம் பாகத்தில் இருந்த மதமும் உளவும் அதில் காணாமல் போயிருந்தன. கணினி எதிரிகளுக்குப் புதிய போர் விதி பிடிபடவே இல்லை. ரசிகர்கள் திட்டினார்கள், ஆனாலும் ஆடிக்கொண்டே இருந்தார்கள். 2012-இன் ‘காட்ஸ் அண்ட் கிங்ஸ்’, 2013-இன் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ என்று இரண்டு விரிவாக்கங்கள் வந்து அது தொடரின் சிறந்த பாகங்களில் ஒன்றானது. பியாண்ட் எர்த்துக்கு அந்தப் பொறுமை கிடைக்கவில்லை. அதன் அடிப்படைப் பதிப்பை, இரண்டு விரிவாக்கங்களால் கொழுத்த ஐந்தாம் பாகத்தோடு வைத்துப் பார்த்தார்கள், இளைத்துத் தெரிந்தது.

2015 அக்டோபரில் ‘ரைசிங் டைட்’ விரிவாக்கம் வந்தது. கடலில் மிதக்கும் நகரங்கள், நான்கு புதிய அணிகள், அகழ்ந்தெடுக்கும் தொல்பொருள்கள், அடியோடு மாற்றிய அரசுறவு முறை. எல்லாவற்றையும்விட, இரண்டு கொள்கைகளைக் கலந்து வளரும் வழி. இசைவையும் மேலாண்மையையும் கலந்தவரின் படைகள் இரண்டுக்கும் புறம்பான மூன்றாவது உயிரினம் போலத் தெரிந்தன. முதன்முறையாக என் நாகரிகம் எனக்கே விசித்திரமாகத் தோன்றியது, அந்த விசித்திரத்துக்காகவே நான் மீண்டும் மீண்டும் ஆடினேன். புதிய அரசுறவில் தலைவர்கள் அச்சம், மதிப்பு என்ற இரண்டு அளவுகோலில் நம்மை நிறுத்தார்கள். நாம் செய்வதைப் பார்த்து எதிர்வினை காட்டினார்கள். எதிர்வினை ஓயாமல் வந்து தொல்லையானது என்பதும் உண்மை. ஆனாலும் விதிகள் பேசத் தொடங்கியிருந்தன. கேட்க அதிகம் பேர் மிச்சமில்லை. 2016 அக்டோபரில் ‘சிவிலைசேஷன் 6’ வந்தது. பியாண்ட் எர்த்துக்கு இரண்டாவது விரிவாக்கம் வரவே இல்லை.

வரலாற்றுத் தொடரின் ரசிகர்கள் எதிர்காலத்தையே ஏற்க மாட்டார்கள் என்ற முடிவுக்குச் சிலர் வந்தார்கள். அது தவறு. 1602-ஐக் களமாகக் கொண்டு 1998-இல் தொடங்கிய ‘அன்னோ’ தொடர், 2011-இல் ‘அன்னோ 2070’ என்று எதிர்காலத்துக்குத் தாவியது. அதன் இணைய உரிமச் சோதனை பற்றிக் கோபம் இருந்தது. ஆனால் எதிர்காலத்தை ரசிகர்கள் விரும்பி ஏற்றார்கள். கடல்மட்டம் உயர்ந்து தீவுகளான உலகம் அது. தீவுகளும் சரக்குச் சங்கிலிகளும்தான் அந்தத் தொடரின் உயிர். கதை அந்த உயிரிலேயே ஊன்றி நின்றது. நிலக்கரிப் புகை கக்கும் முதலாளிகள் சாராயம் கேட்டார்கள். பசுமைக்காரர்கள் தேநீர் கேட்டார்கள். எல்லாமே ஆடுபவருக்குத் தெரிந்த பொருள், தெரிந்த சண்டை, நாளிதழில் படித்த அச்சம். அதே தொடர் 2015-இல் ‘அன்னோ 2205’ என்று நிலவுக்குப் போனபோது வரவேற்பு ஆறிப்போனது. பலர் சேர்ந்து ஆடும் வசதியை எடுத்துவிட்டது அதற்கு ஒரு காரணம். நிலவில் ஆடுபவருக்குச் சொந்த நினைவு எதுவும் இல்லாதது இன்னொரு காரணம். 2019-இல் அவர்கள் ‘அன்னோ 1800’ என்று வரலாற்றுக்கே திரும்பினார்கள்.

ஆக, என் தீர்ப்பு இது. ரசிகர்கள் 2014-இல் உணர்ந்தது சரி. அதற்குச் சொன்ன காரணங்களில் பெரியது தவறு. பியாண்ட் எர்த் பழைய விளையாட்டின் நகலாக இருந்ததால் தோற்கவில்லை. அதன் வடிவமைப்பு இந்தத் தொடர் எடுத்த துணிச்சலான அடிகளில் ஒன்று. வரலாறு இலவசமாகத் தந்துகொண்டிருந்த பொருளை எழுத்தால் ஈடுகட்ட வேண்டும் என்ற வேலையை அது செய்யவில்லை. வடிவமைப்பாளர்கள் மேல் விழுந்த பழியில் பெரும்பகுதி எழுத்தின் பற்றாக்குறைக்கு உரியது. தவறான காரணத்தைச் சொன்னதற்கு விலையும் இருந்தது. ‘இன்னும் மாற்று, இன்னும் சேர்’ என்ற கூச்சலுக்குச் செவிசாய்த்து வந்த விரிவாக்கம் கடலையும் தொல்பொருளையும் சேர்த்தது. தலைவர்களுக்கு வேண்டிய மனத்தையும், அதிசயங்களுக்கு வேண்டிய குரலையும் அரைகுறையாகவே தொட்டது.

அந்தக் ‘கலவையானது’ என்ற பட்டை அடிப்படைப் பதிப்பின் மேல் ஒட்டியிருப்பதில் எனக்கு மறுப்பில்லை. ‘ரைசிங் டைட்’ சேர்ந்த விளையாட்டின் மேல் அது இன்னும் இருப்பது நியாயமில்லை. இன்று ஆடத் தொடங்குபவர் விரிவாக்கத்தோடு சேர்த்தே வாங்கட்டும். முதல் நகரத்தைக் கடலில் மிதக்கவிட்டு, இரண்டு கொள்கைகளைக் கலந்து, ஒரு முழு ஆட்டத்தை ஆடி முடித்த பிறகு தன் மதிப்பெண்ணைப் போடட்டும்.